உப்புப் பள்ளத்து ஆட்டக்காரி

மான்கள் உப்பு நக்க வரும் காட்டில் ஒரு தாமரைக் குளம் இருந்தது. அங்கே திருவிழாப் பொறுப்பெல்லாம் செம்பி என்ற கெண்டைக்குத்தான். யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், தானே எடுத்துக்கொண்டது!

குளத்தின் ஓரத்தில் ஒரு சிறு பள்ளம். அதில் லேசாக உப்புக் கரிக்கும் ஊற்று நீர். புதிதாக வரும் எந்த மீனும் பதினைந்து நாள் அங்கே இருந்துவிட்டுத்தான் குளத்துக்குள் வர வேண்டும். நடுவே இருந்த மண்வரப்பில் கொடுக்கன் என்ற நண்டு காவல் இருந்தது.

திருவிழாவுக்கு முதல் நாள், மழைத்தண்ணீரோடு ஒரு வெள்ளி மீன் பள்ளத்தில் வந்து விழுந்தது. பெயர் மினுக்கி. செம்பி ஓடி வந்து எட்டிப் பார்த்தது. மினுக்கி வளைந்தது, நெளிந்தது, கல்லில் உரசித் துள்ளியது.

"அடடா, என்ன ஆட்டம்! நண்டண்ணே, நாளைக்கு இவள் ஆடினால் குளமே வாயைப் பிளக்கும். வழி விடுங்க!"

"பதினைந்து நாள் ஆகட்டும், தங்கச்சி."

"எப்படிப் பளபளன்னு இருக்கா, பாருங்க! விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தினால் என் மானம் போகுமே!"

"பளபளப்பு கண்ணுக்குத் தெரியும். உடம்பில் ஒட்டியிருக்கும் மீன்பேன் தெரியுமா?" என்றது நண்டு.

செம்பி கேட்டால்தானே! நண்டு அந்தப் பக்கம் திரும்பியதும் வரப்பைத் தாண்டிப் பள்ளத்தில் குதித்தது. மினுக்கியை உரசிக்கொண்டு நின்று, "என்னோடு ஒரே தாவு! நாளைக்கு உன் ஆட்டம்தான்!" என்றது.

மினுக்கி திருதிருவென விழித்தது.

"ஆட்டமா? ஐயோ அக்கா, மீன்பேன் பிடுங்குது! அரிப்பு தாங்காமத்தான் இப்படி நெளியறேன்!"

செம்பி சட்டென்று விலகியது. அதற்குள் அதன் வாலிலும் சுருக்கென்று ஒரு கடி!

வரப்புக்கு அப்பால் செம்பியின் குஞ்சுகள் "அம்மா! அம்மா!" என்று கூப்பிட்டன. தாவப்போன செம்பியின் முன்னால் நண்டு கொடுக்கை நீட்டியது.

"குஞ்சுகளுக்குப் பிஞ்சு உடம்பு, தங்கச்சி. உன்னோடு ஒரு பேன் போனாலும் தாங்காது."

குஞ்சுகள் இன்னும் பலமாகக் கூப்பிட்டன. ஆனாலும் செம்பி தாவவில்லை. "திருவிழாவை நீங்களே நடத்துங்க," என்று சொல்லும்போது அதற்கு அழுகை வந்துவிட்டது.

நண்டு பள்ளத்தில் இறங்கி ஒவ்வொரு பேனாகப் பிடுங்கிக் கரையில் எறிந்தது.

"அதான் போச்சே, வரட்டுமா?" என்றது செம்பி.

"பேன் போச்சு. அது இட்ட முட்டை? பொரியட்டும், அதையும் ஒரு கை பார்த்துவிடலாம்!"

மறுநாள் குஞ்சுகள் திருவிழாவையே வரப்போரம் கொண்டுவந்துவிட்டன! கடிபட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் சுள்ளென்று பட, இந்தப் பக்கம் செம்பியும் மினுக்கியும் நெளிந்தன. அதைப் பார்த்து அந்தப் பக்கம் குஞ்சுகளெல்லாம் அப்படியே நெளிந்து ஆடின. சிரித்த சிரிப்பில் செம்பிக்கு அரிப்பே மறந்துபோனது.

முட்டை பொரித்து வந்த பேன்களையும் பிடுங்கித் தீர்த்துவிட்டு, பதினாறாம் நாள் நண்டு வழி விட்டது. குளமே கூடி, "மினுக்கி, ஆடு!" என்று கத்தியது.

மினுக்கி அசையாமல் நின்றது. "எனக்கு ஆடத் தெரியாதே! அரிப்பு போச்சு, ஆட்டமும் போச்சு!"

"கவலைப்படாதீங்க சித்தி, நாங்க கத்துத் தர்றோம்!" என்று குஞ்சுகள் அதைச் சூழ்ந்துகொண்டு ஆடத் தொடங்கின. ஒன்றின் மேலும் ஒரு பேன் இல்லை. செம்பி வரப்போரம் போய், நண்டுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டது.

பொறுத்து விசாரித்து வாசலைத் திறக்கிற வீடுதான் வந்தவரையும் பிள்ளைகளையும் ஒருசேரக் காக்கும்.