மணலில் உட்கார்ந்த கப்பல்

கப்பலைக் கட்டி முடித்தார்கள். கடலுக்குப் போகவில்லை. ஆற்று முகத்துவாரத்து மணல் திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நடந்த தப்பு அதுதான்.

முன்னொரு காலம். நெடுங்கழிப் பட்டினம் என்று ஒரு துறைமுகம். அதை ஆண்டவன் பெயர் அலைவென்றான். ஊஞ்சலில் ஏறினாலே தலை சுற்றும் ஆள். பெயர் மட்டும் அப்படி. ஆனால் பட்டினம் லேசுப்பட்டதல்ல. சீனத்துப் பட்டு ஒரு பக்கம் இறங்கும், அரபுக் குதிரை மறுபக்கம் இறங்கும். எண்பது போர்க்கப்பல் வரிசையாக நிற்கும். எல்லாம் பாய் விரித்தால் வானம் தெரியாது.

ராஜாவுக்கு அது போதவில்லை. "உலகத்தில் இல்லாத கப்பல் வேண்டும்" என்றான். ஓடாவி மாசிலன் கட்டினான். ஓடாவி என்றால் கப்பல் கட்டும் தச்சன். மூன்று வருஷ வேலை. நூறு துடுப்பு. மாசி மாதம் ஆற்றில் இறக்கினார்கள். கோபுரம் ஒன்று மிதந்து போவதுபோல் போயிற்று. ஊரே வாய் பிளந்தது. முகத்துவாரம் வந்ததும் நின்றுவிட்டது.

துறைமுக அதிகாரி விழுப்பரையர். ஓடாவிக்கு ராஜா காட்டிய மரியாதை அவருக்கு மூன்று வருஷ நெஞ்செரிச்சல். பன்னிரண்டு யானை கட்டி இழுக்க வைத்தார். கப்பல் இன்னும் ஒரு சாண் புதைந்தது.

"யானையைக் குறை சொல்லாதீர்கள் மகாராஜா. கப்பல் கட்டச் சொன்னால் மலை கட்டியிருக்கிறான்" என்றார்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "பௌர்ணமிக்குள் கப்பல் கடலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடாவிக்கு வலது கை இருக்காது."

பௌர்ணமிக்கு மூன்று நாள். மாசிலன் கரையில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சபைக்கு ஒருத்தி வந்தாள். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தோணியில் குடிதண்ணீர் கொண்டுபோய் விற்கிறவள்.

"கப்பலை நான் எடுத்து விடறேன் ராசா."

சபை சிரித்தது. "தண்ணிக்காரி, பன்னிரண்டு யானை தோற்ற வேலை இது" என்றார் விழுப்பரையர்.

"யானை இழுக்கும் சாமி. தூக்குமா?"

ராஜா நிமிர்ந்தான். "உனக்கு என்ன வேண்டும்?"

"நாப்பது பெரிய தோணி. வைரம் பாய்ஞ்ச பனை உத்தரம் இருபது. வடம். அப்புறம், தோணி நிறையத் தண்ணி."

"தண்ணீரை என்ன செய்வாய்?"

"தோணியோட சேர்த்துக் கப்பல்ல கட்டுவேன்."

விழுப்பரையர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கனம் தாங்காமல் உட்கார்ந்த கப்பலுக்கு இன்னும் கனம். நல்ல வைத்தியம். வயிறு உப்பினவனுக்கு விருந்து."

"நிரப்பும்போது சிரிங்க சாமி. அப்புறம் சிரிக்க நேரம் இருக்காது. ஆமா, முகத்துவாரத்து ஆழத்தை அளந்து ஓடாவிக்குச் சொன்னது யாரு?"

"நானேதான். என் கையால் கயிறு விட்டு அளந்தேன்."

"எந்த மாசம்?"

"ஐப்பசி."

"ஐப்பசியில ஆத்துல வெள்ளம் ராசா. அப்ப எங்க அடுப்படியிலகூட முழங்கால் ஆழம் இருந்துச்சு. அங்க கப்பல் விட முடியுமா?"

இப்போது சபையில் யாரும் சிரிக்கவில்லை. ராஜா விழுப்பரையரை ஒரு பார்வை பார்த்தான். "முதலில் கப்பல். பிறகு உம்மைக் கவனிக்கிறேன்."

மூன்று நாளும் மாசிலன்தான் உத்தரம் செதுக்கினான். அந்தக் கை அவ்வளவு வேகமாக அதற்கு முன் வேலை செய்ததில்லை.

பௌர்ணமியன்று காலை. கடல் வற்றியிருந்த நேரம். துடுப்புத் துளைகள் வழியாக உத்தரங்களைக் குறுக்கே நுழைத்தார்கள். இருபுறமும் நீட்டிய முனைகளின் கீழே, தண்ணீர் நிரம்பி அமிழ்ந்து கிடந்த தோணிகளைக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டினார்கள். கடல் ஏறத் தொடங்கியது.

"இறைங்க" என்றாள்.

தோணிக்கு எட்டுப் பேர். குடம் குடமாகத் தண்ணீர் வெளியே போயிற்று. முதலில் ஒன்றுமில்லை. பிறகு உத்தரங்கள் முனகின. வடங்கள் நரம்புபோல் விறைத்தன. அடியில் மணல் கொப்பளித்துச் சேறாகக் கிளம்பியது. கப்பல் ஒரு தரம் நடுங்கியது. விரல் விரலாக எழும்பியது.

யாரும் இழுக்கவில்லை. யாரும் தள்ளவில்லை. பத்தாயிரம் பேர் நின்ற கரையில் எங்கோ ஒரு கைக்குழந்தை சிணுங்குவது கேட்டது. பன்னிரண்டு யானைக்கு அசையாத மலையை நாற்பது காலித் தோணி தோளில் ஏந்திக்கொண்டு நின்றது. நாலே படகு முன்னால் கயிறு பிடித்தது. மணல் திட்டைத் தாண்டிப் போய் ஆழத்தில் மிதந்தது கப்பல்.

ராஜா இடுப்பளவு தண்ணீரில் நின்றான். எப்போது இறங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"இது என்ன மந்திரம் அம்மா?"

"தினம் நடக்கிறதுதான் ராசா. தண்ணி நிறைச்சுட்டுப் போறப்ப என் தோணி முங்கிக்கிட்டுப் போகும். வித்துட்டு வர்றப்ப எழும்பி வரும். எழும்புற தோணியில எதைக் கட்டினாலும் அதையும் சேர்த்துத் தூக்கும்."

"என்ன வேண்டும், கேள்."

"ஓடாவி கையை விட்டுருங்க. அடுத்த கப்பலுக்கு வேணும்."

ராஜா தலைகுனிந்தான். தன் கங்கணத்தைக் கழற்றி மாசிலனின் வலது கையில் போட்டான். விழுப்பரையர் பக்கம் திரும்பினான். "இனி பன்னிரண்டு மாதமும் ஆழம் பாரும். கயிறு வேண்டாம். நீரே இறங்கி நில்லும்."

ஓலை எழுதுகிறவன் வந்தான். துறை வாசல் கல்லில் வெட்டுவதற்கு வாசகம் தயாராக வைத்திருந்தான். 'மகாராஜா அலைவென்றான் கப்பலைக் கடலில் விட்டான்.'

"அதை அடித்துவிடு" என்றான் ராஜா. " நான் வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான். இவள் பேரைப் போடு."

எழுத்தாணி நின்றது. அவள் பேர் சபையில் ஒருவருக்கும் தெரியாது. ராஜாவே கேட்டான். அவள் சொன்னாள். கல்லில் வெட்டினார்கள்:

கப்பலைக் கடலில் விட்டவள், தண்ணீர்த் தோணிப் பேராச்சி.