மிஷினோடு ஆடிய மேட்ச்

செம்பூத்துப்பட்டி கிரிக்கெட் அணிக்குக் கேப்டன் சோலையப்பன். சொத்து என்று சொல்ல அவருக்கு இருந்தது மீசை ஒன்றுதான். அதைப் பெற்ற பிள்ளையைப்போல் எண்ணெய் தடவி வளர்த்தார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை மேலக்கரையோடு ஆடும் மேட்ச்சில் தோற்கிற கேப்டன் மீசையை எடுத்துவிட வேண்டும் என்று பந்தயம் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பயிற்சி எடுக்காமல் ஆகாது என்று அணியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். அங்கே ஒரு வலைக்கூண்டுக்குள் பந்து வீசும் மிஷின் முக்காலி மேல் நின்றது. அதை நடத்தும் ஆரோக்கியம் நல்ல மனுஷர்.

"கண்டபடி சுத்தினா பிராக்டீஸ் வீணாப்போயிடும். நிஜ மேட்ச்சுனு நெனச்சு ஆடுங்க" என்று சொல்லி, மிஷினை ஓடவிட்டு டீ குடிக்கப் போனார்.

நிஜ மேட்ச் என்றால் பந்தயமும் நிஜம்தானே? சோலையப்பன் சாமி கும்பிட்டுவிட்டு முதல் ஆளாக இறங்கினார். முதல் பந்திலேயே போல்டாகி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக அவுட்டாகி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். விக்கெட் கீப்பர் பரஞ்சோதியின் முழங்காலில் பட்டுப் போன பந்துக்கு ஓடி எடுத்த ஒரு ரன்தான் மொத்த ஸ்கோர். மிஷின் ஆளில்லாத ஸ்டம்புக்குப் பந்து போட்டுக்கொண்டே இருந்தது.

கேப்டன் மீசையைத் தடவிக் கண்கலங்கினார். பரஞ்சோதிக்குத்தான் மூளை வேலை செய்தது. "அண்ணே, இனிமே அது பேட்டிங் பண்ணணும்ல?"

சோலையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவிட்சை அணைத்து, மிஷினை ஸ்டம்புக்கு முன்னால் நிறுத்தி, பேட்டைச் சாய்த்து வைத்தார்கள். அவரே பந்து போட்டார். மிஷின் அசையவில்லை. நிதானமாக ஆடுகிறதே என்று பரஞ்சோதி கவலைப்பட்டான். கடைசியில் ஒரு பந்து முக்காலிக்கு நடுவே புகுந்து ஸ்டம்பைச் சாய்த்தது. அதன் அணியில் அடுத்து இறங்க ஆளில்லை. செம்பூத்துப்பட்டி ஒரு ரன்னில் ஜெயித்தது.

குதித்து ஓய்ந்த பிறகுதான் பந்தயம் ஞாபகம் வந்தது. தோற்றவர் மீசையை எடுக்க வேண்டுமே. மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். மீசை இல்லை.

"இல்லாதவன்கிட்ட எப்படிண்ணே எடுக்கிறது?" என்றான் பரஞ்சோதி.

"அதுக்காகப் பந்தயத்தை விட முடியுமா? நாமதான் ஒண்ணு ஒட்டிவிட்டு எடுக்கணும்."

மீசை என்று சொல்லும்படி அணியில் இருந்தது ஒன்றே ஒன்று. சோலையப்பன் பெருந்தன்மையோடு பக்கத்து சலூனுக்குப் போய் வழித்து வாங்கி வந்தார். பசை தடவி மிஷினுக்கு ஒட்டினார்கள். பிறகு ஒரு முடி விடாமல் வழித்தெடுத்தார்கள்.

திரும்பும் வழியில் மேலக்கரை கேப்டன் எதிரே வந்தார். வெறும் உதட்டைப் பார்த்து, மேட்ச்சுக்கு முன்னாலேயே தோல்வியை ஒத்துக்கொண்டாயா என்று கேட்டார்.

சோலையப்பன் பழக்கதோஷத்தில் இல்லாத மீசையை முறுக்கினார். "ஜெயிச்சுட்டு வர்றோம்யா. சந்தேகம்னா போய் மிஷினைப் பாரு, மூஞ்சியில ஒரு முடி இருக்கா?"