மாப்பிள்ளை வண்டிக்கு மாட்டிய கிளட்ச்

சத்தி ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப். அதில் நாச்சிமுத்து, சென்னியப்பன், மாரப்பன் என்று மூன்று பேர். மூன்று பேரும் நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். பிரச்சினையே அதுதான்.

மில்காரர் மகன் சிவஞானம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை அவர்களிடம் கொண்டுவந்து விட்டான். சிவப்பு நிறம், மேலே கூரை கிடையாது, இரண்டு பேருக்குத்தான் இடம். நிச்சயதார்த்தத்துக்கு அதில்தான் போனான். பொண்ணு ஊர் மேட்டில் ஏறும்போது கிளட்ச் வழுக்கி வண்டி நின்றுவிட்டது. பொண்ணுடைய அண்ணன் தனபாலன்தான் பின்னால் நின்று தள்ளினான். சும்மா தள்ளியிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே தள்ளினான்.

"மாப்பிள்ளை அழைப்புக்கும் இதே வண்டி, இதே மேடு," என்றான் சிவஞானம். "இந்தத் தடவ பொண்ணு வீட்டுக்காரங்க கை வண்டி மேல படக்கூடாதுங்ணா. பட்டா அந்த வீட்டுல ஆயுசுக்கும் எனக்கு மரியாதை இல்ல."

"படாதுங்க தம்பி," என்றார் நாச்சிமுத்து.

அந்த வண்டிக்குக் கிளட்ச் பிளேட் கிடைப்பது லேசில்லை. கோயமுத்தூர் ஸ்பேர் கடைக்காரர் எங்கேயோ தேடிப்பிடித்துக் கொடுத்தார். கூடவே இரண்டு விஷயம் சொன்னார். "பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா மட்டும் மாட்டுங்க. அப்புறம், புது பிளேட்டுங்கறதால முதல்ல கொஞ்ச தூரம் வண்டிக்குச் சிரமம் குடுக்காதீங்க."

அவர் பாவம், அளவு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னார். உங்களுக்கும் எனக்கும் புரிகிறது.

இவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பழசு தேய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது. புதுசு தடியாக இருந்தது.

"ஒண்ணா இல்லீங்களே," என்றார் மாரப்பன்.

"பழசத் தடியாக்க முடியுமாண்ணா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

நாச்சிமுத்து ஒரு டீ குடித்து முடிக்கும் வரை யோசித்தார். "முடியாது. புதுசத்தான் வழிக்குக் கொண்டாரோணும்."

உப்புத்தாள் வாங்கிவந்து தேய்த்தார்கள். தேய்த்துத் தேய்த்து மூன்று பேருக்கும் தோள் கழன்றுவிட்டது. தடிமன் ஒன்றானது. பழசு கருகியிருந்தது என்று புதுசை அடுப்பில் காட்டினார்கள். பழசில் ஒரு ஸ்பிரிங் லொடலொடவென்று ஆடியது. புதுசில் ஆடவில்லை. அதையும் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி ஆட வைத்தார்கள்.

"இப்பப் பாருங்க, ரெண்டும் அச்சு ஒண்ணு," என்றார் மாரப்பன். "ஆமா, இதுல புதுசு எதுங்ணா?"

நாச்சிமுத்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியலியே."

"தெரியலீன்னா வேலை சுத்தம்னு அர்த்தம்," என்றார் சென்னியப்பன்.

மூவருக்கும் பெருமை தாங்கவில்லை. கைக்கு வந்ததை மாட்டினார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சிவஞானமே வண்டியை ஓட்டினான். கழுத்தில் மூக்கு வரைக்கும் மாலை. கண்ணாடியெல்லாம் பூ. முன்னால் நாதஸ்வரம், தவில். பின்னால் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

பின்னால் இவர்கள் மூன்று பேரும் குனிந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டி ஓடவில்லை என்று இல்லை. ஓடுமா என்றே அவர்கள் பார்க்கவில்லை. சிரமம் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மேடு வந்தது. சிவஞானம் ஆக்சிலேட்டரை மிதித்தான். இஞ்சின் உறுமியதே தவிர உள்ளே பிளேட் வழுக்கியது. கருகல் வாசம் வந்தது. சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. வண்டி மட்டும் நிற்காமல் மேலே போனது.

தனபாலன் பார்த்துவிட்டு ஓடிவந்தான். சிரிக்கத் தயாராகத்தான் வந்தான். "என்னங்ணா, மறுக்காவும் நின்னுபோச்சா? நகருங்க, நான் தள்றேன்."

"கை வெக்காதீங்க," என்றார் நாச்சிமுத்து, மூச்சு வாங்க. "பொண்ணு வீட்டுக்காரங்க தொடப்படாது."

"ஏனுங்க, உங்க பக்கத்து முறையா?"

"மாப்பிள்ளை உத்தரவு."

"அப்ப வண்டி ஓடுதா?"

"அத நாங்க எதுக்குங்க கேக்கறோம்? புது கிளட்ச்சு. மொதத் தடவ இப்படித்தான் போகோணும்."

தனபாலன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கூடவே நடந்தான்.

மண்டபத்தில் சிவஞானம் இறங்கியதும் முதல் காரியமாக மச்சானிடம் போனான். "பாத்தீங்களா மச்சான், மேட்டுல ஒரு குலுக்கல் உண்டா? பஞ்சு மாதிரி ஏறுச்சு."

"இல்லீங் மாப்ள," என்றான் தனபாலன். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. நேராக நாச்சிமுத்துவிடம் வந்தான். "ஏனுங்ணா, எங்க வேனுக்கும் இந்த கிளட்ச்சே மாட்டிக் குடுங்களேன்."

மூவரும் ஒரு ஓரமாகப் போய்க் கலந்து பேசினார்கள். அப்புறம் நாச்சிமுத்து திரும்பி வந்தார்.

"பிளேட்டு ஒண்ணு மிச்சம் இருக்குதுங்க, அது பிரச்சினை இல்ல," என்றார். "ஆனா வேனுங்கறீங்க. இன்னும் ரெண்டு ஆளு சேத்து மாட்டோணும்."