படி வெக்க மறந்த வண்டி

அந்தப் பையைத் தலமாட்டுல இருந்து எடுத்து அக்கட்டால வெய்யி கண்ணு. நாளைக்குப் போற பொருட்காட்சி எங்கயும் ஓடிப் போயிராது. குடை, தண்ணி பாட்டில், டார்ச்லைட்டு... ஏஞ்சாமி, பகல்ல போயிட்டு வர்றதுக்கு டார்ச்லைட்டு எதுக்கு? ஓ, உங்க தாத்தன் வெக்கச் சொன்னாரா? சொல்லுவாரு, சொல்லுவாரு. சரி, இங்க வந்து படு. அந்தக் காலு மேல சாயாத, அது வலிக்கும். இந்த நல்ல காலு மேல தலையை வெச்சுக்க. கதை சொல்றேன், நீ "ம்" போடோணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னு போயிரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு அண்ணனும் தங்கச்சியும் இருந்தாங்க. அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்ல, ஒருத்தருக்கு ஒருத்தருதான். அண்ணன் பேரு செங்கோடன்னு வெச்சுக்குவோம். தங்கச்சி பேரு பாவாயின்னு வெச்சுக்குவோம். அந்த ஊர்ல எந்தப் பக்கம் திரும்புனாலும் லாரிப் பட்டறைதான். வெறும் எஞ்சினும் சக்கரமுமா வர்ற வண்டிக்குப் பலகையும் தகரமும் அடிச்சு லாரியாக்கி அனுப்புவாங்க. விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் டங்கு டங்கு, டங்கு டங்குன்னு ஊரே சத்தம் போடும்.

செங்கோடன் அந்தப் பட்டறையில மேஸ்திரி. கெட்டிக்கார மேஸ்திரி. ஆனா ஒரு பிடிவாதம். "அரைகொறை வண்டி என் பட்டறை வாசலைத் தாண்டாது"ன்னுவாரு. ஒரு ஆணி கொறைஞ்சாலும் சாவியைத் தர மாட்டாரு. லாரிக்காரங்க வந்து, "லோடு காத்துக்கிட்டு இருக்குதுங்க மேஸ்திரி"ன்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பாங்க. "நிக்கட்டும்"னு சொல்லிப்போட்டு இவரு பாட்டுக்கு இழைப்பாரு, சர்ரு சர்ருன்னு. அதனாலதான் அவருக்கு அவ்வளவு பேரு. அதனாலதான் இந்தக் கதையும்.

பாவாயிக்கு மூணு வயசுல காய்ச்சல் வந்து ஒரு காலு சூம்பிப் போச்சு. குச்சி ஊணி வாசல் வரைக்கும் வருவா, அதுக்கு மேல போக மாட்டா. வாயி மட்டும் ஊரைச் சுத்தி வரும். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. என்ன ஆசை தெரியுமா?

"ம்."

என்ன ம்? தெரியாதுன்னு சொல்லு. வடக்க பூங்கரட்டூருன்னு ஒரு ஊரு. அங்க வருசா வருசம் ஆடி மாசம் அஞ்சு நாளு சந்தை கூடும். மாடு, குதிரை, ராட்டினம், பொரிக்கடை, வளையக்கடை. சனமெல்லாம் கூண்டு வண்டி கட்டிக்கிட்டு, அரிசி பருப்பு சட்டி பானையோட போயி, அந்தப் பொட்டல்லயே அடுப்புக் கூட்டி, வண்டிக்குக் கீழயே படுத்துத் தூங்கி, அஞ்சு நாளும் இருந்துட்டு வருவாங்க. அங்க ஒரு வெள்ளைக் குதிரை வரும். தப்பு மேளம் அடிச்சா ஆடும். நாலு கால்லயும் சலங்கை கட்டிக்கிட்டு, ஜல்லு ஜல்லு, ஜல்லு ஜல்லு.

"எனக்கு ரெண்டு காலே ஒத்துப் போக மாட்டேங்குது, அதுக்கு நாலும் ஒத்துப் போகுதாமா? அதை ஒரு தடவை என் கண்ணால பாத்துப்போடோணும்ணா"ன்னா பாவாயி. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா அண்ணனுக்குத் தெரியும், அது சிரிப்பு இல்லைன்னு.

ஆனா எப்படிக் கூட்டிட்டுப் போறது? பஸ்ஸுல போயிட்டாலும், அந்தப் பொட்டல்ல தரையில படுத்து எந்திரிக்க இவளால ஆகுமா? அப்போ செங்கோடன் சொன்னாரு, "அம்மிணி, உனக்குச் சக்கரம் வெச்ச வீடே கட்டறேன். அதுல நீ மகராணியாட்டம் போலாம்."

அப்புறம் உடைக்கப் போட்டிருந்த ஒரு பழைய வேனைப் புடிச்சுட்டு வந்தாரு. மேல இருந்த தகரத்தை எல்லாம் பிரிச்சுப்போட்டுப் புதுசா ஆரம்பிச்சாரு. டங்கு டங்கு, டங்கு டங்கு. மடக்குக் கட்டில் ஒண்ணு, அடுப்பு வெக்க ஒரு மூலை, குழாய் வெச்ச தண்ணி டிரம். அப்புறம் ஒரு ஜன்னல். பாவாயியை வாசல்ல ஒரு முக்காலியில உக்கார வெச்சு, அவ கண்ணு மட்டத்துக்கு நூல் புடிச்சு அளந்து அந்த ஜன்னலை வெச்சாரு. உக்காந்த வாக்குல குதிரையைப் பாக்கோணுமாமா. அவ்வளவு பாசம் கண்ணு. பாசத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது.

மொத வருசம் ஆடி வந்துச்சு. ஊரு வண்டியெல்லாம் கெளம்புது, ஜல்லு ஜல்லுன்னு. செங்கோடன் ஒரு கொடம் தண்ணியைத் தூக்கி வேன் கூரை மேல ஊத்திப் பாத்தாரு. உள்ள ஒரு சொட்டு விழுந்துச்சு. சொட்! ஒரே ஒரு சொட்டுதான்.

"மழை வந்தா?"ன்னாரு.

ஆடியில எங்க ஊர்ல எங்க மழை? காத்துதான் ஆளைத் தூக்கும். "பரவால்லீங்ணா"ன்னா பாவாயி. கேட்டாரா? கூரையை முச்சூடும் பிரிச்சாரு. மறுபடி அடிச்சு முடிக்கறதுக்குள்ள போன வண்டியெல்லாம் திரும்பி வந்துருச்சு. தெருக்கோடி வீட்டுக் குஞ்சம்மா ஒரு படி பொரி கொண்டாந்து குடுத்துட்டு, குதிரை எப்படி ஆடுச்சுன்னு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னா. பாவாயி பொரியைத் தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. முழிச்சிருக்கறயா?

"ம்."

ரெண்டாம் வருசம். கூரை ஒழுகல. அரிசி, பருப்பு, உப்பு, புளி, சீமெண்ணெய், கயிறு, ரெண்டு குடை, அம்மிக்கல்லு... ஆமா, அம்மிக்கல்லுந்தான், சந்தைக்கு! எல்லாத்தையும் ஏத்திப்போட்டு எட்ட நின்னு பாத்தாரு. வண்டி இடது பக்கமா ரெண்டு விரக்கடை சாஞ்சு நிக்குது.

"அம்மிக்கல்லை எறக்கிப்போட்டாச் சரியாப் போயிருமுங்ணா"ன்னா பாவாயி.

"சாயற வண்டியில உன்னை ஏத்த மாட்டேன்"னுட்டு, அடியில போடற வில்லுப்பட்டை வாங்கிட்டு வாரேன்னு சேலம் போனாரு. போனவருக்குச் சரியான பட்டை கெடைக்கல. அலைஞ்சு வாங்கிட்டு வந்து மாட்டறதுக்குள்ள அந்த அஞ்சு நாளும் ஓடிப் போச்சு. குஞ்சம்மா பொரி கொண்டாந்தா. இந்தத் தடவை குதிரையைப் பத்தி பாவாயியும் கேக்கல, அவளும் சொல்லல.

மூணாம் வருசம். ஒரு குறையும் இல்ல. தண்ணி ஒழுகல, வண்டி சாயல. சந்தை புதன்கெழமை ஆரம்பம். ஆனா செவ்வாயும் புதனும் வடக்க சூலம், அந்தப் பக்கம் பயணம் கெளம்பக் கூடாதும்பாங்க. அதுக்கு ஒரு வழி இருக்குது. முன்னாடியே ஒரு நல்ல நேரம் பாத்து, போற ஆளோட பொட்டியை எடுத்துட்டுப் போயி, போற தெசையில இன்னொருத்தரு வீட்டுல வெச்சிருவாங்க. பொட்டி போயிட்டா ஆளே கெளம்புன மாதிரி. பரஸ்தானம் வெக்கறதுன்னு பேரு. திங்கக்கெழமை காலைல பாவாயி, இருக்கற நல்ல சேலையெல்லாம் தகரப்பொட்டியில அடுக்கிக் குடுத்தா. அதைக் கொண்டு போயி வடக்குத் தெருக்கோடியில குஞ்சம்மா வீட்டுல வெச்சாங்க. அன்னைக்கெல்லாம் பாவாயிக்குக் கால் தரையில நிக்கல. "நான் கெளம்பிட்டேன், நான் கெளம்பிட்டேன்"னு வாசல்ல போற வர்றவங்ககிட்டெல்லாம் சொன்னா.

புதன்கெழமை காலைல, டுர்ர்ருன்னு வண்டி சத்தம் போடுது. தெருவே கூடிருச்சு. பாவாயி தலையில கனகாம்பரம் வெச்சுக்கிட்டு, குச்சி ஊணி ஊணி வந்து வண்டிக் கதவுக்கிட்ட நின்னா.

நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா. ஏன் கண்ணு?

"ம்."

படி இல்ல. வண்டித் தளம் அவ நெஞ்சு உசரத்துக்கு இருக்குது. ஏறிப் போறதுக்குப் படி வெக்கல. லாரி கட்டியே பழகுன கையி. லாரிக்கு எதுக்குப் படி? டிரைவருங்க சக்கரத்துல காலை வெச்சு ஒரே எகிறு எகிறிருவாங்க. அளக்கும்போதெல்லாம் அவளை உக்கார வெச்சுத்தான் அளந்தாரு. அவ எப்படி ஏறுவான்னு மட்டும் நெனைக்கல.

செங்கோடன் மொகம் அப்படியே செத்துப் போச்சு. தெருவே பாக்குது. மேஸ்திரி கட்டுன வண்டியில குறை. சடக்குனு வண்டியை நிறுத்திப்போட்டு எறங்கி வந்தாரு.

"ரெண்டே நாளு அம்மிணி. படி வெச்சர்றேன். அஞ்சு நாளு சந்தைதானே, வெள்ளிக்கெழமை போயிரலாம்"னாரு.

தூக்கி விட்டிருந்தா ஒரு நிமிசம் கண்ணு. அவரு தோளுக்கு அது ஒரு பாரமா? பலகை பலகையாத் தூக்குன தோளு. பாவாயிக்கும் தொண்டை வரைக்கும் வந்துச்சு, "என்னைத் தூக்கி விடுங்கண்ணா"ன்னு. வாயைத் தொறந்தா. ஆனா அத்தனை பேரு பாக்கறாங்க. பன்னெண்டு வயசுக்கு அப்புறம் யாரும் அவளைத் தூக்குனதில்ல. அவளுக்கும் ரோசம் இருக்குதல்ல? அதனால, "ஆகட்டுங்ணா, முடிச்சுட்டே போலாம்"னு சிரிச்சுப்போட்டுத் திரும்பி உள்ள போயிட்டா. ஊரு முச்சூடும் பேசற வாயி, அன்னைக்குப் பேசல பாரு.

அப்புறம் படி செஞ்சாரு. மொதப் படி, உசரம் ஜாஸ்தி, கழட்டி எறிஞ்சாரு. ரெண்டாவது படி, அகலம் பத்தல, அதையும் எறிஞ்சாரு. மூணாவது, ஆகா, அது படி! புடிச்சு ஏறக் கைப்பிடியோட, வழுக்காம இருக்க ரப்பர் ஒட்டி, அரமணைப் படி. அது முடிஞ்சப்போ ஞாயித்துக்கெழமை பொழுது எறங்கிருச்சு. வண்டியெல்லாம் திரும்பி வருது. ஜல்லு... ஜல்லு...

குஞ்சம்மா பொட்டியைத் தூக்கிட்டு வந்தா. பாவாயி வாங்கல. "கெளம்புன பொட்டியைத் திருப்பி வாங்குனா பயணம் முறிஞ்சு போயிரும். உங்கூட்டுலயே இருக்கட்டும்"னுட்டா. அப்புறம் அந்த வருசம் முச்சூடும் ரெண்டே பழைய சேலையை மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு இருந்தா. செங்கோடன் பாத்துக்கிட்டே இருந்தாரு.

"ம்."

நாலாம் வருசம் போனாங்க. ஆமா கண்ணு, போனாங்க! அந்தக் கைப்பிடியைப் புடிச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அவளே ஏறுனா. போற வழியில குஞ்சம்மா வீட்டுல பொட்டியை வாங்கிக்கிட்டாங்க. ஒரு புளியமரத்தடியில நிறுத்திச் சோறாக்கித் தின்னாங்க. ஜன்னல் பக்கத்துல உக்காந்தா எல்லாம் கண்ணு மட்டத்துக்கு வருது. காடு, கரடு, மாடு, மனுசன் எல்லாமே. அந்த நூல் அளவு ஒரு இம்மி பெசகல.

சந்தைக்குப் போயிச் சேந்து குதிரைக்காரரைத் தேடிக் கண்டுபுடிச்சாங்க. குதிரை இருக்குது. வெள்ளையா நிக்குது. ஆனா சலங்கை இல்ல.

"போன ஆடியோட இது ஆட்டம் முடிஞ்சுதுங்க"ன்னாரு குதிரைக்காரரு. "மாசியில முன்னங்காலு ஒடிஞ்சு போச்சு. விக்க மனசு வரல, சும்மா கூட்டியாந்தேன். போன வருசம் வந்திருந்தீங்கன்னா பாத்திருக்கலாம். அப்படி ஒரு ஆட்டம் அது என்னைக்குமே ஆடுனதில்ல."

அந்தாளு நல்ல மனசுலதான் சொன்னாரு. பாவாயி குதிரை மொகத்தைத் தடவிக் குடுத்தா. அது நொண்டிக் காலைத் தூக்கித் தூக்கி வெச்சுச்சு. "அட, நீயும் எங்கூட்டு ஆளுதானா"ன்னு சிரிச்சா. அண்ணன் சிரிப்பாருன்னு நெனைச்சுத்தான் சொன்னா. அவரு சிரிக்கல.

அப்புறம் பாவாயி வண்டியில ஏறி ஜன்னலோரமா உக்காந்தா. வெளிய செங்கோடன், அந்த அரமணைப் படியை வண்டியில இருந்து கழட்டி, ஒரு வேப்பமரத்தடியில போட்டு, அது மேல உக்காந்தாரு. யாரும் பாக்கலைன்னு நெனைச்சுக்கிட்டாரு. துண்டை வாயில அமுக்கிக்கிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாரு. நேரா ஜன்னலுக்கு எதுத்தாப்புல. உக்காந்த வாக்குல கண்ணு மட்டத்துக்கு அத்தனையும் தெரிஞ்சுது.

பாவாயி பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. எறங்கிப் போலாம்னா படி அவருகிட்ட இருக்குது. கூப்புட்டிருக்கலாம். கூப்புடல. அன்னைக்கும் வாயைத் தொறக்கல.

கண்ணு? தூங்கிட்டயா? ம் சொல்லு.

"ம்."

இது எங்கிருந்து வருது? புள்ளை வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குது. ம் தாத்தன் கட்டில்ல இருந்தல்ல வருது. ஏனுங்ணா, இன்னும் தூங்கலீங்களா? எப்ப இருந்து கேக்கறீங்க?

...மொதல்ல இருந்தா. அந்தக் கடைசி ம்மெல்லாம் நீங்கதானா.

நான் பாத்தனுங்ணா, அன்னைக்கு. நாப்பது வருசமாச் சொல்லல. நீங்க அழுததை நான் பாத்தேன்னு தெரிஞ்சா உங்களால தாங்க முடியாதுன்னு நெனைச்சேன். நீங்க என்னமோ, நீங்க மட்டுந்தான் தப்புப் பண்ணுன மாதிரி, இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு பயணத்துக்கும் குடையும் டார்ச்சும் எடுத்து வெக்கறீங்க. அந்தப் புதன்கெழமை, தூக்கி விடுங்கண்ணான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க தூக்கியிருப்பீங்க. எனக்குத் தெரியும். அப்பவும் தெரியும். சொல்லாம உட்டுட்டேன். குதிரை எனக்காக அந்த வருசமும் ஆடிக் காத்துக்கிட்டு இருந்துச்சு, நான் ரோசத்துல வீட்டுல உக்காந்துட்டேன்.

அழுவாதீங்க, புள்ளை முழிச்சுக்கும்.

நாளைக்குப் பொருட்காட்சிக்குப் போற பஸ்ஸுல படி ரொம்ப உசரமுங்ணா. பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் பாப்பாங்க. பாத்தாப் பாக்கட்டும். நான் வாயைத் தொறந்து கேப்பேன், கையை நீட்டுவேன். உங்களுக்கும் முட்டி வலி, தூக்க முடியாது. கையை மட்டும் புடிச்சுக்கங்க, போதும்.

கதை ஊரு போயிச் சேந்துருச்சு. கண்ணை மூடித் தூங்குங்கண்ணா.