வடிவு நீட்டிய கை

பிறக்க இன்னும் பல மாதம் இருந்த ஒரு குழந்தையின் கண்ணுக்குள், விழித்திரை என்ற ஊர் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், சாவியப்பன் என்றொரு புரதம் வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தான். படித்தவர்கள் அவனைப் படியெடுத்தல் காரணி என்பார்கள். அவ்வளவு பெரிய பெயரைச் சுமக்கிற தெம்பு அவனுக்கு இல்லை; நமக்கும் வேண்டாம்.

அந்த ஊரில் ஒவ்வொரு உயிரணுவுக்கும் ஒரு வீடு. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கான அறைகள், மரபணுக்கள் என்று பேர். எந்த அறை திறக்கிறதோ அந்த வேலைக்குத்தான் அந்த அணு வளரும். ஒன்று திறந்தால் மற்ற வேலைகளின் அறைகள் தாமாகத் தாழிட்டுக்கொள்ளும். பிறகு அழுது புரண்டாலும் மாற்ற முடியாது.

சாவியப்பனிடம் இருந்தது ஒரே சாவி. கண் பார்த்ததை மூளைவரை கொண்டு சேர்க்கும் நரம்பணுவின் அறைக்கானது அது. அந்த வேலைக்கு யார் வருவார்கள்? எல்லோருக்கும் ஒளி பிடிக்கும் வேலைதான் வேண்டும். "அண்ணே, என்னை விட்டுடுங்க" என்று கெஞ்சினால் அவன் விட்டுவிடுவான். இப்படி விட்டு விட்டு வந்ததில், அவன் சுற்றிய தெருவில் ஒளி பிடிக்க ஊரே திரண்டு நின்றது, கொண்டுபோகத்தான் ஆளில்லை. எந்த அறையும் திறக்காமல் மிச்சமிருந்த அணு வடிவு ஒருத்திதான்.

அவள் வாசலில் வந்து உட்காரும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது. உடம்பு ஓரங்களில் கரையத் தொடங்கியிருந்தது. அவன் இனத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

"நானும் ஒளி பிடிக்கத்தான் போறேன்," என்றாள் வடிவு, அவன் வாயைத் திறக்கும் முன்பே.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

"அவங்களை விட்டீங்கல்ல? எனக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?"

"விட்டது என் தப்பு தாயி. பாவம் பார்த்து விட்டேன்னு நெனச்சேன். உண்மையில அலுப்பு. இப்போ நீயும் போயிட்டா இந்தத் தெருவுல விழுறது எதுவும் மூளைக்குப் போகாது. புள்ள பார்வையில இந்த இடம் ஓட்டையாவே இருக்கும்."

வடிவு யோசித்தாள். "உங்க வேலைக்கு வந்தா எனக்கு வெளிச்சம் தெரியுமா?"

ஏதாவது இனிப்பாகச் சொல்லி மயக்கியிருக்கலாம். பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

"ஒண்ணும் தெரியாது. வெளிச்சம் வர்ற பக்கம் முன்னால நிப்ப. அது உன் உடம்புக்குள்ள புகுந்துதான் பின்னால இருக்கிறவங்களுக்குப் போகும். உனக்கு உறைக்காது. அவங்க சொல்லி அனுப்புறதை வாங்கி, நீளமா ஒரு கையை நீட்டி மூளைகிட்ட குடுக்கணும். ஆயுசு முழுக்க."

"நீங்களாவது பார்ப்பீங்களா?"

சாவியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "கதவு தெறந்ததும் என்னைப் பிரிச்சுப் போட்டுடுவாங்க. புள்ள பொறக்கிறப்போ நான் ஏது?"

"அப்போ யாருக்காக இந்தப் பாடு?"

"பொறக்கப்போற அந்தப் புள்ளைக்கு. அது ஆணா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியாது."

அவன் எழுந்து சாவியை நுழைக்கப் பார்த்தான். விரல்கள் கரைந்து போயிருந்தன. சாவி பிடியில் நிற்கவில்லை. வடிவு சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் கையைத் தன் கையால் பிடித்து, சாவியைத் தானே திருப்பினாள்.

வீட்டுக்குள் அறைகள் ஒவ்வொன்றாகத் தாழிட்டுக்கொண்டன. ஒளியின் அறை தாழிடும் சத்தம் கேட்டபோது வடிவு வாய்விட்டு அழுதாள். ஆறுதல் சொல்லத் திரும்பிய சாவியப்பன் பாதி வார்த்தையிலேயே இல்லாமல் போனான். அவள் கை இருட்டைத் துழாவிக்கொண்டு நீண்டு நீண்டு, கடைசியில் மூளையைத் தொட்டது.

மாதங்கள் போயின. குழந்தை பிறந்தது. ஒரு நாள் அதன் மேல் ஒரு முகம் குனிந்தது. ஒளி பிடிப்பவர்கள் "பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்று ஆர்ப்பரித்தார்கள். வடிவு வாங்கினாள், கொடுத்தாள். குழந்தை முதன்முதலாகத் தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

யாருடைய முகம் அது என்று கேட்க வடிவு வாயெடுத்தாள். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.