பண்ருட்டி போனுக்கு வெட்டிய பாதை

விருத்தாசலம் பக்கத்தில் கொளஞ்சி, பாவாடை, அய்யாக்கண்ணு என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் சேர்த்து ஒரே போன், ஒரே மூளை. போனையாவது தினமும் சார்ஜில் போடுவார்கள்.

கடைக்குட்டி அய்யாக்கண்ணுவுக்கு வயது முப்பத்தெட்டு. பன்னிரண்டு இடம் தட்டிப்போய், பதின்மூன்றாவதாகப் பண்ருட்டியில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கலியமூர்த்தி கறாரான ஆள்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போன்ல முடிவு சொல்றேன். எடுக்கலைன்னா வேற இடம் பாத்துடுவேன்."

அய்யாக்கண்ணு போனைக் கையிலெடுத்துப் பார்த்தான். மனை வேணுமா, இன்சூரன்ஸ் வேணுமா என்று நாளெல்லாம் போன் வரும். பத்து மணிக்கு எவனாவது குறுக்கே நுழைந்தால்?

எதிர்வீட்டு இயற்பியல் வாத்தியாரிடம் ஓடினார்கள். அவர் அன்றுதான் கல்லூரியில், ஒளியை வழிமறித்துத் திருப்பும் ஒளிப்படிகம் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார்.

"வெளிச்சம், போன் சிக்னல் எல்லாமே மின்காந்த அலைதான்பா. ஒரே இடைவெளியில வரிசை வரிசையா கம்பி நட்டா, அதுக்கு ஒத்த அலை உள்ள போக முடியாம திரும்பிடும். ஒரு வரிசையை மட்டும் எடுத்துட்டா, அந்தச் சந்து வழியா சிதறாம ஓடும்."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். பாவம், நல்ல மனுஷன்.

வீட்டைச் சுற்றிலும், கூரை மேலும் சாணுக்கு ஒரு கம்பி நட்டார்கள். யார் சாண் என்பதில் அரைநாள் வழக்கு.

"மூத்தவன் கைதான் அளவு" என்றான் கொளஞ்சி.

"கல்யாணம் உனக்கா?" என்றான் பாவாடை.

மாப்பிள்ளை கையே நின்றது. வியாழக்கிழமை சாயங்காலம் போன் அடியோடு ஊமையானது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளி காலை போனுக்குப் பொட்டு வைத்து நடுவீட்டில் உட்கார வைத்தார்கள். பண்ருட்டி இருக்கும் திசையில் ஒரு வரிசைக் கம்பியைப் பிடுங்கினார்கள். உடனே சிக்னல் இரண்டு கோடு காட்டியது.

"சம்பந்தி வீட்டு அலை முதல்முதலா வருது. ஆளில்லாம வரவேற்கலாமா?" என்றான் பாவாடை.

நியாயம்தானே. மூவரும் சந்தில் வரிசையாக நின்றார்கள். சும்மா நிற்பானேன் என்று, பிடுங்கிய ஆறு கம்பியையும் ஆளுக்கு இரண்டாக, அந்தந்தக் குழியிலேயே ஊன்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

பத்து மணியானது. பதினொன்றானது. போன் மூச்சு விடவில்லை. அய்யாக்கண்ணு கம்பியை விடாமலே அழுதான்.

பன்னிரண்டு மணிக்குக் கலியமூர்த்தியே வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"எத்தனை தடவைய்யா போடறது? எங்க பொண்ணு..."

"மாமா, வாயைத் தொறக்காதீங்க!" என்று அலறினான் அய்யாக்கண்ணு. "போன்ல சொல்றதாதானே பேச்சு? பாதை பண்ருட்டியைப் பாத்து வெட்டியிருக்கு. நீங்க இங்க வந்துட்டா அங்கேருந்து யாரு பேசுவா?"

கலியமூர்த்தி கம்பிகளைப் பார்த்தார். சந்தைப் பார்த்தார். பண்ருட்டித் திசையையும் ஒருமுறை பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"இப்படி ஒரு விவரமான ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இதோ, அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்ப் போன் போடறேன். அதுவரைக்கும் கம்பியை மட்டும் விட்டுடாதீங்க மாப்பிள்ளை!"