ஐம்பத்து நாலு அலகும் ஒரு பழைய துண்டும்

முன்னொரு காலத்தில், கத்தி என்றால் நறுக்குவதற்கு மட்டும்தான் என்று உலகம் வெள்ளந்தியாக நம்பிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மலையடிவாரத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட கனகமாறன் நல்ல ராஜா. காலையில் ஓர் ஆசை வரும், மாலையில் அதை மறந்துவிட்டு இன்னோர் ஆசை வரும். அதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவர் சபையின் விகடர் மருதவாணர். வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். படியேறினால் இரண்டு முட்டியும் எண்ணெய் காணாத கதவு மாதிரி சத்தம் போடும். ஊரைச் சிரிக்க வைக்க வேறு யாரையும் தேடிப் போகாமல் தன் உடம்பை வைத்தே பிழைத்துக்கொண்டிருந்த மனிதர்.

அந்த அரச வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ராஜா, ராஜாவாகும் முன்பு மலைக்கு உப்பு மூட்டை சுமந்தவராம். அது மறந்துபோகக் கூடாதென்று வருஷத்தில் ஒரு நாள் அரசரும் சபையாரும் நடந்தே மலையேறி, உச்சியில் இருக்கும் வேலவர் கோயிலில் விளக்கேற்ற வேண்டும். பல்லக்கு கிடையாது, ஏவலாள் கிடையாது. அவரவர் சுமையை அவரவரே சுமக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது எல்லா நாளைக்கும். அரசர் முன்னால் யாரும் தோளில் துண்டோடு நிற்கக் கூடாது. எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். மருதவாணரின் இடுப்பைச் சுற்றி வர எந்தத் துண்டாலும் முடியவில்லை; ஆகையால் அவர் மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்.

அந்த வருஷம் மலையேற்றத்துக்கு முதல் நாள், ஆயுதசாலை அதிபதி வீரகண்டர் சபைக்கு ஒரு தாம்பாளத்தோடு வந்தார். தாம்பாளத்தை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அதில் ஒரு கத்தி.

"மலையேறுகிறவர்களுக்கென்றே செய்வித்தேன், பிரபு. மடிக்கத்தி. ஐம்பத்து நாலு அலகு. இது ஒன்று கையில் இருந்தால் வேறெதுவும் தேவைப்படாது" என்றார் வீரகண்டர்.

ஒவ்வோர் அலகாகப் பிரித்துக் காட்டினார். அரிவாள், ரம்பம், பாக்குவெட்டி, தேங்காய் துருவி, எழுத்தாணி, முள்வாங்கி, யானைக்கு ஓர் அங்குசம். கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில், காது குடைய ஒரு குச்சி.

"பல்லுப் பல்லாக இருக்கிறதே, இது எதற்கு?" என்று கேட்டார் அரசர்.

"மீன் செதில் சீவுவதற்கு."

"மலையில் மீன் ஏது?"

"இருந்துவிட்டால், பிரபு?"

அரசர் முகம் மலர்ந்துபோயிற்று. இப்படி ஒரு முன்யோசனையை அவர் கண்டதேயில்லை.

மருதவாணருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வைப்பதுதான் அவர் உத்தியோகம், சிரிப்பதல்ல. அடக்கப் பார்த்தார். வயிறு குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"விகடருக்கு நகைப்பாக இருக்கிறது போலும்" என்றார் வீரகண்டர்.

"நகைப்பில்லை, ஐயா. மடிக்கத்தி என்றீர்கள். இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள். எவ்வளவு பெரிய மடி என்று யோசித்துப் பார்த்தேன்."

சபை சிரித்தது. வீரகண்டர் முகம் கறுத்தது. அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார். ஓலையைப் பார்த்துப் படித்து நகைச்சுவை சொல்லக்கூடியவர். விகடர் பதவியில் அவரை உட்கார வைக்க வேண்டும் என்பது வீரகண்டரின் நெடுநாள் ஆசை.

"பிரபு, நாளை இக்கத்தியைச் சுமக்கும் பாக்கியம் விகடருக்கே கிட்டட்டும். அடிவாரம் முதல் உச்சி வரை. தரையில் வைக்கலாகாது. பிறர் கையில் கொடுக்கலாகாது. ஐம்பத்து நாலு அலகுக்கும் வழியில் ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் விகடர் தம் பதவியை விட்டு விலகட்டும்."

அரசருக்கு அந்த நாளின் ஆசை வந்துவிட்டது. "நல்ல வேடிக்கை. விகடரே, சம்மதமா?"

"முட்டியைக் கேட்டுச் சொல்கிறேன், அரசே."

"என்ன சொல்கிறது?"

"அது பேசும் நிலையில் இல்லை."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். ராஜா சிரித்தால் சம்மதம் வாங்கியாயிற்று என்று அர்த்தம்.

வீட்டில் மனைவி செங்கமலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க வாய் இருக்கே..."

"அதுதானே நமக்குச் சோறு போடுது?"

"நாளையிலிருந்து போடாது."

மருதவாணர் தம் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். அவருக்கு ஏர் பிடிக்கத் தெரியாது, தறி நெய்யத் தெரியாது. தராசு பிடித்தால் தன் பக்கமே சாயும். சிரிக்க வைப்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வயிறும் இரண்டு முட்டியும்தான்.

விடிந்ததும் செங்கமலம் மூன்று பொருளை எடுத்து வைத்தாள். ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர். இலையில் கட்டிய அவலும் வெல்லமும். நைந்துபோன ஒரு பழைய துண்டு.

"பெட்டியில புதுத் துண்டு இருக்குதே" என்றார் இவர்.

"புதுசு தண்ணி குடிக்காது. பழசுதான் வேர்வை வாங்கும். பேசாம எடுத்துட்டுப் போங்க."

அடிவாரத்தில் விகடரைத் தவிர, அரசரையும் சேர்த்து இருபத்தாறு பேர் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். ஒருவர் வெள்ளிச் செம்பு கொண்டுவந்திருந்தார். ஒருவர் இரண்டு குடை. ஒருவர் சதுரங்கப் பலகை. மருதவாணர் அவல் பொட்டலத்தை மடியில் செருகி, குடுக்கையைத் தோளில் மாட்டி, துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்து, அதன் மேல் கத்தியை ஏற்றிக்கொண்டார். கழுத்து சற்று உள்ளே போயிற்று. ஆனால் தலை நோகவில்லை. செங்கமலத்தை மனசுக்குள் ஒரு தரம் கும்பிட்டுக்கொண்டார்.

முதல் வளைவில் மூச்சு வாங்கியது. இரண்டாம் வளைவில் வெள்ளிச் செம்புக்காரர் செம்பைப் புதரில் வைத்துவிட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று முணுமுணுத்தார். மூன்றாம் வளைவில் மருதவாணருக்குக் கண் இருட்டியது. முட்டி மடங்கப் போயிற்று. கத்தி தரையில் விழுந்தால் பதவியும் கூடவே விழும். வீரகண்டர் பின்னாலேயே அவருடைய காலைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தக் கல் தென்பட்டது. சுமைதாங்கிக் கல். ஆள் உயரத்துக்கு இரண்டு கல்தூண், குறுக்கே ஒரு பலகைக் கல். தலையில் சுமையோடு வருகிறவர் குனியாமல், யாரையும் கூப்பிடாமல், நின்றபடியே தள்ளி இறக்கி வைக்கலாம். மருதவாணர் தலையைச் சாய்த்தார். கத்தி கல்லின் மேல் போய் உட்கார்ந்தது.

உடம்பு அப்படியே காற்றில் எழும்பிவிடும் போலிருந்தது. யார் நட்டார்களோ, எந்தக் காலத்தில் நட்டார்களோ, அந்த முகம் தெரியாத புண்ணியவானுக்காக அவர் கண்ணில் நீர் வந்தது. வேர்வை என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இறக்கிவிட்டீர்கள்" என்றார் வீரகண்டர்.

"தரையில் வைக்கவில்லையே, ஐயா. கல்லின் மேலல்லவா வைத்தேன்."

அரசர் சிரித்துக்கொண்டே வந்தார். வந்தவர் பாசியில் வழுக்கினார். முட்செடிக்குள் ஒரு கால் போயிற்று. குதிகாலில் ஒரு முள் ஆழமாக ஏறி முறிந்துகொண்டது. ரத்தம் கொட்டியது.

"முள்வாங்கி இருக்கிறது" என்றார் வீரகண்டர், ஏறக்குறைய மகிழ்ச்சியோடு. "விகடரே, திறவும். இடப்பக்கம் பதினேழாவது."

மருதவாணர் நகத்தை விட்டு நெம்பினார். மீன் செதில் சீவுவது வந்தது.

"பதினெட்டாவது."

அங்குசம் வந்தது. அரசர் காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குடைகள் முதல் காற்றிலேயே மலர்ந்து தலைகீழாயின. எல்லோரும் தொப்பலாக நனைந்து நிற்கையில், தலையில் விறகுக் கட்டோடு ஒரு பெண் மேலேயிருந்து இறங்கி வந்தாள். பேச்சி என்று பெயர். கத்திக்குப் பக்கத்தில் கட்டைத் தள்ளி இறக்கிவிட்டு, எட்டிப் பார்த்தாள்.

"முள்ளா? இப்படிக் காட்டும்யா."

"அம்மா, இவர் அரசர்" என்றார் மருதவாணர்.

"இருக்கட்டும். முள்ளுக்குத் தெரியுமா?" கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தாள். அரசர் 'ஆ' என்பதற்குள் முள் அவள் உள்ளங்கையில் இருந்தது. "கட்டுப்போட ஏதாச்சும் இருக்கா?"

சபையார் பட்டு உத்தரீயங்களைப் பிழிந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மருதவாணர் தம் பழைய துண்டை நடுவில் கிழித்துப் பாதியைக் கொடுத்தார். நைந்த துணி, புண்ணில் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டது. குடுக்கைத் தண்ணீரையும் அவலையும் அரசரிடம் நீட்டினார். அரசர் கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்து, பிடி அவலையும் வெல்லத்தையும் விருந்து மாதிரி மென்று தின்றார்.

"இந்தக் கல்லை நட்டது யார் என்று தெரியுமா, அம்மா?" என்று கேட்டார் மருதவாணர்.

பேச்சி கல்லைத் தடவினாள். "எங்க அக்காவுக்கு வச்சது. பிள்ளையை வயித்துல வச்சிக்கிட்டே போயிட்டா. சுமையோட போனவ இல்லையா? வாரவுக ஒவ்வொருத்தரும் இதுல இறக்கி வைக்கையில அவளுக்கும் கொஞ்சம் இறங்கும்னு அம்மா சொல்லுவா. இன்னைக்கு நீங்க வேற இறக்கி வச்சிருக்கீக. நல்லா இருப்பீக."

அரசர் தூணில் சாய்ந்திருந்தவர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கும் மருதவாணரும் அன்று கையை மட்டும் குவித்தார்.

மழை விட்டு வெயில் அடித்தது. வீரகண்டர் தொண்டையைச் செருமினார். "பிரபு, இன்னும் ஐம்பத்து நாலு அலகு பாக்கி. ஒன்றுக்குக்கூட இவர் வேலை கொடுக்கவில்லை."

மருதவாணர் நனைந்து நடுங்கும் சபையைப் பார்த்தார். கல்லின் மேல் இருந்த கத்தியைப் பார்த்தார். பிறகு நிதானமாக ஒவ்வோர் அலகாகப் பிரிக்கத் தொடங்கினார். இரண்டு நகம் போயிற்று. கடைசியில் கத்தி, சுமைதாங்கியின் மேல் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து நின்றது.

"ஆளுக்கொரு தலைப்பாகை, ஆளுக்கோர் உத்தரீயம். கழற்றிக் கொடுங்கள்."

அரிவாளில் அரசரின் தலைப்பாகை. ரம்பத்தில் அவர் உத்தரீயம். மந்திரியுடையது பாக்குவெட்டியில். மீன் செதில் சீவுவதில் வீரகண்டருடையதை மரியாதையாகத் தொங்கவிட்டார். "துணி கிழிந்துவிடுமே" என்று ஒருவர் பதறினார்.

"பயப்படாதீர்கள். ஐம்பத்து நாலையும் சாணை பிடிக்க யாருக்குப் பொழுதிருக்கும்?"

இருபத்தாறு பேருக்கு ஐம்பத்திரண்டு ஆயிற்று. முள்வாங்கியும் காது குடைகிற குச்சியும் மிஞ்சின. முள்வாங்கியில் பேச்சியின் சும்மாட்டுத் துணியை வாங்கி மாட்டினார். குச்சி சின்னது, எதையும் தாங்காது. அதில் தம் பாதித் துண்டைப் போட்டார். அது தாங்கியது. மலைக்காற்றில் அத்தனையும் படபடவென்று அடித்துக்கொண்டு உலர்ந்தன.

"ஐம்பத்து நாலுக்கும் வேலை கொடுத்தாயிற்று, அரசே. இத்தனை நாளில் இந்தக் கத்தி செய்த முதல் வேலையும் இதுதான்."

அரசர் புண்ணை மறந்து சிரித்தார். அடிபட்ட கால் ஒருபக்கம் உதற உதறச் சிரித்தார்.

அலகுகளை மடக்கிக்கொண்டு, உலர்ந்த துணியோடு உச்சி ஏறினார்கள். பாதித் துண்டும் சும்மாடாகப் போதுமாயிருந்தது. விளக்கேற்றிக் கும்பிட்டு இறங்கும் நேரம் வந்தது. மருதவாணர் குடுக்கையை மட்டும் மாட்டிக்கொண்டு நடந்தார்.

"கத்தி?" என்றார் வீரகண்டர்.

"உச்சி வரைதான் என் பாக்கியம் என்று நீங்களே சொன்னீர்கள், ஐயா. இறங்குவதற்கு உத்தரவில்லை. அவரவர் சுமை அவரவருக்கு என்பதல்லவா வழக்கம்? கத்தி உங்களுடையது."

வீரகண்டர் அரசரைப் பார்த்தார். அரசர் வானத்தைப் பார்த்தார். இறங்கும் வழியில் மூன்றாம் வளைவு வந்ததும், கல்லைத் தேடி வேகமாக நடந்தவர் வீரகண்டர்தான். இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் அதைத் தொட்டபடி நின்றார். மருதவாணர் அதைப் பார்த்தும் கேலி செய்யவில்லை. குடுக்கையில் கடைசி வாய்த் தண்ணீர் இருந்தது. அதை அவரிடம் நீட்டினார்.

மறுநாள் சபையில் அரசர் கேட்டார்: "விகடரே, என்ன வேண்டும்? தயங்காமல் சொல்லும்."

"ஐந்தாம் வளைவு செங்குத்து, அரசே. அங்கே இறக்கி வைக்க ஒன்றுமில்லை. விறகு சுமக்கிறவர்கள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். அங்கே ஒரு கல் வேண்டும்."

"உமக்கு என்ன வேண்டும் என்றல்லவா கேட்டேன்?"

"நானும் அடுத்த வருஷம் ஏற வேண்டுமே."

அரசர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சிம்மாசனத்திலிருந்து நொண்டி நொண்டி இறங்கி வந்தார். ஒரு புதுப் பருத்தித் துண்டை எடுத்து, சபை பார்த்திருக்க, மருதவாணரின் தோளில் போட்டார். "இது இங்கேயே இருக்கட்டும். உமக்கு மட்டுமல்ல. சுமை சுமக்கிற எவரும் இனி என் முன்னால் துண்டை எடுக்க வேண்டாம்."

ஐந்தாம் வளைவில் கல் நின்றது. மடிக்கத்தி, அரண்மனை வண்ணார் கொல்லையில் போய் நின்றது. துணி உலர்த்த அதைவிட உருப்படியான சாதனம் அந்த நாட்டில் கிடையாது என்று அவர் வீரகண்டரை வாழ்த்தாத நாளில்லை.

அன்று சபை கலைந்ததும் மருதவாணர் வீதி முழுக்கத் தோளில் துண்டோடு நடந்து வீட்டுக்கு வந்தார். செங்கமலம் வாசலிலேயே பதறினாள். "தோள்ல துண்டோட வாரீங்க, ராஜா பார்த்தா என்ன ஆவறது?"

"அவர்தான் போட்டார்."

அவள் துண்டின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "புதுசு. நாலு தடவ துவைச்சாத்தான் தண்ணி குடிக்கும்" என்று சொல்லிவிட்டு, அதன் நுனியாலேயே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புதுத் துண்டுதான். ஆனாலும் குடித்தது.